முகவரி மாறியதைச் சொல்லிவிடுங்கள்

அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவில் கழிவறைக்கு எழுந்து போகும்போது சுவிட்சைத் தேடி இருட்டில் தடவக் கூடாது. அதற்காகத்தான் சுங்கை பட்டாணியில் இருக்கும் எங்கள் தாமான் வீட்டில், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு விளக்குகளைத் தானாக எரியும்படி அமைத்தேன். அம்மா கட்டிலை விட்டுக் காலை இறக்கினால் நடை விளக்கு மங்கலாக எரியும். மாலை ஏழரைக்குச் சாமி மேடை விளக்கும் வாசல் விளக்கும் எரியும். கான்கிரீட் சுவரைக் குடையாமல், புது வயர் இழுக்காமல், இருக்கிற மின்கம்பி வழியாகவே கட்டளை போகும் முறை அது.

போன ஆண்டு அந்த அமைப்பின் நடுநாயகமான பெட்டி தளர்ந்துபோனது. கட்டுப்பாட்டுக் கருவிக்கும் வீட்டு வயரிங்குக்கும் நடுவே நின்று, ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்க்கும் பெட்டி. நாங்கள் அதை மோடம் என்றே சொல்வோம். அதை மாற்றியபோது கற்றுக்கொண்டதை, வயதான பெற்றோருக்காக இப்படி ஏதேனும் செய்து வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கம்பி வழியே போகும் செய்தி

அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் எஞ்சின் வீட்டில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் லயத்துக்கு மாலையில் சில மணி நேரந்தான் கரண்ட். எஞ்சினை நிறுத்தப் போகும் முன் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். அதைப் பார்த்ததும் பாய் விரிப்பார்கள், மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். வெளிச்சம் கொடுத்த கம்பியே செய்தியும் கொண்டுவந்தது.

மோடம் செய்வதும் அதே வேலைதான். 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ரோத்ஸ் நகரில் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் அழுத்தம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். அந்த அமைதியான கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றைக் கம்பியில் ஏற்றினால் அது ஓர் எழுத்து. அப்படி எழுத்தெழுத்தாகப் போய்ச் சேர, ஒரு கட்டளைக்குக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். பிறகு வந்த முறைகள் வேகமானவை. கட்டளை கிடைத்ததா என்று பதிலும் சொல்லும். யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை ஒவ்வொரு சுவிட்சும் தன் நினைவில் வைத்திருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது அந்த வகை.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

"தம்பி, வாசல் லைட் ரெண்டு நாளா எரியலப்பா" என்று அம்மா சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கட்டளைக்கு இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. மோடத்தைக் கழற்றி அரைமணி நேரம் ஆறவிட்டு மாட்டினால் ஒழுங்காக வேலை செய்யும். சூடேறியதும் மறுபடியும் தடுமாறும்.

இந்த மாதிரி நேரத்தில் உடனே புதுப் பெட்டி வாங்கிவிடாதீர்கள். மலிவான எல்இடி விளக்குகளும் கைப்பேசி சார்ஜர்களும் கம்பியில் இரைச்சல் போடும். யூபிஎஸ்ஸும் இடிக்காப்பு பிளக் கட்டைகளும் செய்தியையே விழுங்கிவிடும். எது காரணம் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. டிபி பாக்ஸில், அதாவது மின்பகிர்வுப் பெட்டியில், மோடம் இருக்கும் சர்க்கியூட்டையும் ஒரே ஒரு விளக்கையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். அப்போது எல்லாம் சரியாக நடந்தால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடித்துவிடலாம். அப்போதும் தடுமாறினால் பெரும்பாலும் மோடம்தான். எங்கள் வீட்டில் ஒரு சார்ஜரும் குற்றவாளிதான். ஆனால் அதைக் கழற்றிய பிறகும் தடுமாற்றம் நிற்கவில்லை.

த்ரீ ஃபேஸ் இணைப்பு உள்ள வீடாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு ஃபேஸில் போடும் செய்தி அடுத்த ஃபேஸுக்குத் தானாகத் தாவாது. ஃபேஸ்களை இணைக்கும் கப்ளர் கெட்டுப்போனாலும் வீட்டின் ஒரு பகுதி மட்டும் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்.

பழையது உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த ஆண்டு அப்பா செய்த முதல் வேலை கடிதம் எழுதியது. அதுவரை எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து, கிராணி கையால் கிடைக்கும். கூலிமில் இருக்கும் அத்தைக்கும் பாடாங் செராய் சித்தப்பாவுக்கும் தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கும் ஒருவர் விடாமல் புது முகவரியை எழுதிப் போட்டார். யாருக்காவது எழுத மறந்திருந்தால் அவர்கள் கடிதம் பழைய தோட்டத்துக்கே போய்க் கிடந்திருக்கும்.

மோடம் மாற்றுவது முழுக்க முழுக்க இந்த வேலைதான். இந்த வகை மோடம் ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே ஒரு முகவரி உண்டு. புதியதை மாட்டினால் முகவரி மாறிவிடும். வீட்டிலுள்ள சுவிட்சுகள் எல்லாம் பழைய முகவரிக்கே பேசிக்கொண்டிருக்கும். பெட்டியைச் செருக ஒரு நிமிடம் போதும். எல்லோருக்கும் புது முகவரி சொல்லி முடிக்க எனக்குக் காலை ஒன்பதிலிருந்து மதியம் தாண்டிவிட்டது.

ஆகவே பழைய மோடம் தடுமாறினாலும் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் இணைப்புப் பட்டியலைப் படித்துச் சேமித்துவிடுங்கள். ஒருமுறை படித்ததை நம்பாதீர்கள். நான் மூன்று முறை படித்தேன், முதல் முறை எண்ணிக்கை குறைந்து வந்தது. கழற்றிப் போட்ட பழைய சுவிட்சுகளின் பெயர்கள் பட்டியலில் இருந்தால் முதலில் நீக்குங்கள். இல்லாத ஆளைத் தேடியே அமைப்பு நேரத்தைக் கழிக்கும். கணினியில் இருப்பது போதாது, காகிதத்திலும் எழுதுங்கள்: எந்த அறை, எந்தச் சுவிட்ச், என்ன முகவரி, எதை இயக்குகிறது. எங்கள் வீட்டில் அப்பாதான் எழுதினார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல் போனது என்று தினமும் நோட்டுப் போட்ட கை. அந்தத் தாள் இன்று டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

வாங்கும்போது

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்காகச் செய்த 120 வோல்ட் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிச் செருகினால் அந்த நொடியே போய்விடும். வானொலி அலையிலும் பேசும் பெட்டியாக இருந்தால் நம் நாட்டில் அனுமதித்த அலைவரிசைதானா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையம் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே இயங்குமா என்றும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. ஜூனில் பயனாளர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கி மீட்டார்கள். இடைப்பட்ட வாரங்களில், வீட்டுக்குள் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருந்தவர்களின் விளக்குகள் வழக்கம்போல எரிந்தன.

சூடும் இடியும்

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் முதலில் சாவது மின்னாற்பகுப்பு கெபாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. நான் பல ஆண்டுகளாக மோடத்தை மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தேன். இப்போது காற்றோட்டமான இடத்தில், டிபி பாக்ஸுக்கு அருகில், சுவர்ப் பிளக்கில் நேரடியாக மாட்டியிருக்கிறேன். பழைய பெட்டிக்கு, சால்டரிங் தெரிந்த நண்பர் 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்கள் போட்டுக் கொடுத்தார்; அது மாற்றுக்காகக் காத்திருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

பருவக்காற்று மாறும் மாதங்களில் ஜெராய் மலைப் பக்கம் கருத்தால் அப்பா எழுந்துபோய்த் தொலைக்காட்சி பிளக்கைப் பிடுங்குவார். அந்தப் பழக்கம் சரியானது. அதோடு டிபி பாக்ஸிலேயே இடிக்காப்புக் கருவி பொருத்துங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள், நீங்கள் தொடாதீர்கள். இடிக்கு அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியை ஒதுக்கி வயர் போடச் சொல்லாதீர்கள். அது உயிரைக் காக்கும் பொருள்.

விட்டுப்போன ஒன்று

மாற்றுவதற்குக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். திருநாளுக்கு முந்தின நாள் வேண்டாம். முதலில் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்து, மோடத்தை மாற்றி, அது நிலைபெற்ற பின் கருவியைப் போடுங்கள். எல்லாச் சுவிட்சும் கையால் அழுத்தினாலும் எரிய வேண்டும். அது இல்லாத அமைப்பை முதியவர்கள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள்.

நான் இத்தனையும் செய்தேன். வாசல், சாமி மேடை, சமையலறை எல்லாம் எரிந்தன. நான்காம் நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து வருவதைப் பார்த்தேன்.

"லைட் எரியலையாம்மா?"

"மூணு நாளா இல்லப்பா. நீ வேலையா இருந்தே, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

கட்டிலுக்கடியில் இருக்கும் சென்சார் மட்டும் பேட்டரியில் ஓடி, வானொலி அலையில் பேசுவது. அந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் பொத்தானை அழுத்தி எழுப்பினால்தான் புது முகவரியை ஏற்கும். நான் எழுப்ப மறந்திருந்தேன். மூன்று இரவும் அது பழைய மோடத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்றே எழுப்பிச் சொல்லிக் கொடுத்தேன். தாளின் கடைசியில் இருந்த அந்தச் சென்சாரின் பெயரை அப்பா முதல் வரிசைக்கு மாற்றி எழுதினார். இப்போது எதை மாற்றினாலும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அம்மா கட்டிலில் போய் உட்காருகிறேன். காலைத் தரையில் வைத்து, நடை விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றைச் சோதிக்கிறேன்.