எனக்குப் பிறகு உனக்கு யாரு?

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விரும்பி எடுத்த முடிவு. ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில் கணக்கு வேலை. வீட்டில் நானும் அம்மாவும். என்னைப் போல முடிவெடுத்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து தூக்கம் வராமல் கிடக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருக்காதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பேச்சு கூடும், உறவு குறையும். நான் முந்திப் போவேன், செய்முறையைக் குறைவில்லாமல் செய்வேன், பந்தியில் நின்று பரிமாறுவேன். "உன் கல்யாணச் சாப்பாடு எப்ப தாயி?" என்று கேட்டால், "வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், பெரியம்மா." அதற்கு மேல் பேச மாட்டேன். காரணம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நல்ல வரன் அமையலை" என்றால் மறுநாளே ஜாதகம் வரும்; "அம்மாவைப் பார்த்துக்கணும்" என்றால் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளையைச் சொல்வார்கள். எல்லோருக்கும் முகம் கோணாமல் அதே பதிலைச் சொல்லி வந்தால் கேள்வி தானாக ஓய்ந்துவிடும்.

வீட்டுக்குள் வரும் எதிர்ப்பு அப்படி ஓயாது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். மனிதனுக்கு என்னைப் பேசினால் உயிர் வாழ மாட்டேன் என்று நாச்சியார் திருமொழியில் வெளிப்படையாகப் பாடியவள் ஆண்டாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தாள். அதைக் கண்டு பதறியவர் ஊரார் இல்லை, துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த அப்பா பெரியாழ்வார். அபசாரம் என்று வேறு மாலை கட்டினார். அவள் சூடியதே வேண்டும் என்று பெருமாள் கேட்டதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. பின்னால் மணக்கோலத்தில் அவளைத் திருவரங்கத்துக்கு அழைத்துப் போனவரும் அதே அப்பாதான். இன்று அவள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் மதுரை போகிறது. அதை அணிந்துதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். ஒரு காலத்தில் அபசாரம் என்று ஒதுக்கியதைத்தான் இன்று காத்திருந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆண்டாள் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பெரியாழ்வார் நினைவும் வரும். முதலில் தடுத்தவர் எதிரி என்று நினைத்திருந்தால் அவள் யாரோடு போயிருப்பாள்?

என் அம்மாவும் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்றுதான் ஆரம்பித்தார். பல நாள் கழித்து ஒரு ராத்திரி, "எனக்குப் பிறகு உனக்கு யாரு?" என்றார். அவர் மனசில் இருந்தது ஊர்ப் பயம் இல்லை, இந்தப் பயம். இதற்குத் தர்க்கம் பேசிப் பயனில்லை, செய்துகாட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுத்தேன். தபால் அலுவலகச் சேமிப்புப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நடுராத்திரியில் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடிய சித்தி மகளையும் அலுவலகத் தோழியையும் வீட்டுக்கு அழைத்து, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். இப்போது உறவில் யாராவது கேட்டால் எனக்கு முன்னால் அம்மாவே பதில் சொல்கிறார்.

இன்னொரு கேள்வியும் வரும்: "வீடு யாருக்குப் போகும்?" சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ்.குமாரசுவாமி ராஜா எங்கள் ராஜபாளையத்துக்காரர். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு நான் ஏன் கூச வேண்டும்? உயில் எழுதிவிட்டேன். வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் தனியாக வாழும் பெண்கள் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் உயிலே பொய் என்று யாராவது கிளம்பினால் அந்தப் பதிவு கைகொடுக்கும்.