பதினோரு நிமிடத்தில் தீர்ந்துபோகும் மின்கலம்

புத்ராஜெயாவின் அகன்ற சாலைகளில் 2014 நவம்பர் 22ஆம் தேதி மின்சாரப் பந்தயக் கார்கள் ஓடின. ஃபார்முலா இ எனும் அனைத்துலகப் போட்டிக்கு அதுதான் முதல் பருவம். செப்டம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கிய அந்தப் போட்டி, தன் இரண்டாவது பந்தயத்துக்கே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. ஒரு சுற்றின் தூரம் 2.56 கிலோமீட்டர், வளைவுகள் 12, மொத்தம் 31 சுற்றுகள். பிரிட்டனைச் சேர்ந்த சாம் பேர்ட் வென்றார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் அந்தப் பருவத்தில் மகிந்திரா அணிக்காக ஓட்டினார்.

அந்தப் பருவத்துப் பந்தயக் காணொளி ஒன்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். பாதிப் பந்தயத்தில் ஓட்டுநர்கள் காரை நிறுத்தி, இறங்கி ஓடி, பக்கத்தில் தயாராக நிற்கும் இன்னொரு காருக்குள் தாவுவார்கள். வகுப்பே சிரித்தது. "மின்கலம் பாதியிலேயே தீர்ந்துவிடுமா? கொஞ்சம் பெரியதாகச் செய்திருக்கலாமே, டீச்சர்!" என்றான் ஒரு மாணவன்.

நல்ல கேள்வி. ஆனால், அந்த மின்கலத்தின் எடை ஏற்கெனவே 300 கிலோகிராமுக்கு மேல். ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் மொத்த எடையே ஏறக்குறைய 900 கிலோகிராம்தான். மின்கலத்தைப் பெரிதாக்கினால் எடை கூடும். கூடிய எடையை நகர்த்த மேலும் சக்தி வேண்டும். சரி, அந்த மின்கலத்தில் எவ்வளவுதான் இருந்தது?

28 கிலோவாட் மணி. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சோதனைத் தாள்களில் நான் அதிகமாகச் சிவப்பு மை கொட்டுவது இங்கேதான். கிலோவாட் வேறு, கிலோவாட் மணி வேறு. கிலோவாட் என்பது திறன், மலாயில் நீங்கள் படிக்கும் 'குவாசா'. ஒரு விநாடியில் எவ்வளவு வேகமாகச் சக்தி செலவாகிறது என்பதை அது சொல்லும். கிலோவாட் மணி என்பது சக்தி, அதாவது 'தெனாகா'. மொத்தம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவானது என்பதை அது சொல்லும். உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டில் இருப்பது இதுதான். 'ஒரு மணிக்கு ஒரு கிலோவாட்' என்று எழுதாதீர்கள். கிலோவாட்டை மணியால் பெருக்க வேண்டும், வகுக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இருக்கும் நீர் சக்தி. குழாயைத் திறந்ததும் அது எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது திறன்.

ஒரு கிலோவாட் மணி 3.6 மெகாஜூல். அப்படியானால் 28 கிலோவாட் மணி ஏறக்குறைய 101 மெகாஜூல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் சுமார் 3 லிட்டர் பெட்ரோலிலேயே அவ்வளவு சக்தி இருக்கிறது. உங்கள் அண்ணனின் கப்சாய் மோட்டார் தொட்டியில் கொள்ளும் அளவு, அவ்வளவுதான்! அதை வைத்துக்கொண்டு ஒரு பந்தயக் கார் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பாய முடிகிறது என்றால், மின்சார மோட்டார் தனக்குக் கிடைக்கும் சக்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் இயக்கமாக மாற்றுவதே காரணம். பெட்ரோல் இயந்திரம் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடும்.

முதல் பருவத்தில் பந்தயத்தின்போது அனுமதிக்கப்பட்ட உச்சத் திறன் 150 கிலோவாட். 28ஐ 150ஆல் வகுத்தால் 0.187 மணி, அதாவது 11 நிமிடம் சொச்சம். ஆக்ஸிலரேட்டரை முழுமையாக அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டு கார்களும் சேர்ந்து 23 நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. பந்தயமோ முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீள்வது. (நம் ஊரில் 'எண்ணெயை அழுத்து' என்போம், இந்தக் காரில் அழுத்துவதற்கு எண்ணெயே இல்லை.)

அப்படியானால் 31 சுற்றுகளை எப்படி முடித்தார்கள்? இங்கேதான் நகரத் தெரு கைகொடுக்கிறது. தெருவில் வளைவுகள் அதிகம், நேர்ப்பாதைகள் குட்டை. வளைவுக்கு முன் எப்படியும் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். சாதாரண பிரேக்கில் அந்த இயக்கச் சக்தி முழுவதும் தட்டு சூடாகி வீணாகிறது. மின்சாரக் காரிலோ மோட்டாரையே ஜெனரேட்டராக வேலை செய்ய வைக்கலாம். சக்கரம் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்த வேலையில் காரின் வேகம் குறையும்.

கணக்காகப் பார்ப்போம். 900 கிலோகிராம் கார் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவில் விநாடிக்கு 20 மீட்டருக்குக் குறைய வேண்டும். இயக்கச் சக்தி ½mv². முன்பு இருந்தது 1,125 கிலோஜூல்; பின்பு இருப்பது 180 கிலோஜூல். விடுபடும் சக்தி 945 கிலோஜூல்.

அத்தனையும் மின்கலத்துக்குப் போகுமா? போகாது. அந்தப் பருவத்தில் திருப்பி எடுக்கும் திறனின் எல்லை 100 கிலோவாட், அதாவது விநாடிக்கு 100 கிலோஜூல். ஓட்டுநர் கடைசி நொடிவரை பாய்ந்து, 2 விநாடியில் படாரென்று பிரேக் அடித்தால் திரும்பக் கிடைப்பது அதிகபட்சம் 200 கிலோஜூல். மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும்.

இன்னொரு ஓட்டுநர் கொஞ்சம் முன்னதாகவே காலை எடுத்துவிடுகிறார். 5 விநாடியில் மெதுவாக வேகத்தைக் குறைக்கிறார். அவருக்கு 500 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. இதற்கு அவர் கொடுத்த விலை என்ன? சராசரி வேகம் விநாடிக்கு 35 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவர் 175 மீட்டரை 5 விநாடியில் கடந்தார். முதல் ஓட்டுநர் பிரேக் அடித்தபடி கடந்தது 70 மீட்டர். அதற்கு 2 விநாடி. அதற்கு முந்திய 105 மீட்டரை முழு வேகத்தில் 2.1 விநாடியில் கடந்துவிட்டார். மொத்தம் 4.1 விநாடி. ஆக, இரண்டாமவர் இழந்தது 0.9 விநாடி.

ஆனால் முதலாமவர் அந்த 2.1 விநாடியிலும் 150 கிலோவாட் செலவழித்தார். அது 315 கிலோஜூல். இரண்டாமவர் அதைச் செலவழிக்கவே இல்லை. கூடுதலாகக் கிடைத்த 300ஐயும் சேர்த்தால் இரண்டாமவர் கையில் 615 கிலோஜூல் மிச்சம். எளிமைக்காகச் சில இழப்புகளை நான் விட்டுவிட்டேன். உண்மையில் சற்றுக் குறையும். என்றாலும் ஒரு சுற்றுக்கு அவரால் செலவிடக்கூடியது ஏறக்குறைய 6,500 கிலோஜூல்தான் என்பதைப் பாருங்கள். ஒரே வளைவில் அதில் பத்தில் ஒரு பங்கு! இப்படிப் பத்துத் தடவை செய்தால் இன்னொரு சுற்றுக்கான சக்தி கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும்.

அதற்காக எல்லா வளைவிலும் சேமித்தால் பின்னால் வருபவர் முந்திவிடுவார். எந்த வளைவில் சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பந்தயத்தின் உண்மையான விறுவிறுப்பு அங்கேதான் இருக்கிறது, வேகத்தில் அல்ல.

நம் நாட்டு மதிய வெயில் இன்னொரு தொல்லை. மின்கலத்துக்குள்ளேயே சிறிது மின்தடை உண்டு. மின்னோட்டம் இரு மடங்கானால் அங்கு உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். I²R சூத்திரம் நினைவிருக்கும். வெளியே காற்றே சூடாக இருக்கும்போது மின்கலத்தைக் குளிர்விப்பது சிரமம். அளவுக்கு மீறிச் சூடானால் திறனைக் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே நிதானமாக ஓட்டியவருக்கு இதிலும் இலாபம்தான்.

புத்ராஜெயாவில் 2015 நவம்பரில் மறுபடி ஒருமுறை பந்தயம் நடந்தது, அதோடு சரி. 2018 டிசம்பரில் தொடங்கிய ஐந்தாம் பருவத்தில் மின்கலத்தின் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாகி, கார் மாற்றும் வழக்கம் ஒழிந்தது. என்னை அதைவிடக் கவர்ந்தது 2023இல் வந்த மூன்றாம் தலைமுறைக் கார். முன்சக்கரங்களிலும் ஒரு மோட்டாரைப் பொருத்தி, திருப்பி எடுக்கும் திறனை 600 கிலோவாட்டாக உயர்த்தினார்கள். நம் கணக்கில் 945 கிலோஜூலை 2 விநாடியில் எடுக்க எவ்வளவு திறன் வேண்டும்? 472.5 கிலோவாட். 600க்குள் அடங்கிவிடுகிறது! பின்சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே இல்லாமல் அந்தக் காரை வடிவமைக்கத் துணிந்தது இதனால்தான். பாதுகாப்புக்காக ஓர் அவசர பிரேக்கைப் பிறகு சேர்த்தார்கள். பந்தயத்தில் செலவாகும் சக்தியில் சுமார் 40 விழுக்காடு இப்படிப் பிரேக்கிலிருந்தே திரும்பி வருகிறது.

இனி உங்கள் முறை. அதே 900 கிலோகிராம் கார் மணிக்கு 216 கிலோமீட்டரிலிருந்து 108 கிலோமீட்டருக்குக் குறைகிறது. விடுபடும் சக்தி முழுவதையும் 250 கிலோவாட் திறனில் திருப்பி எடுக்க எத்தனை விநாடி வேண்டும்? வேகத்தை முதலில் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 4.86 என்று வந்தால் சரி. வேறு விடை வந்தால், இரண்டு வேகங்களையும் தனித்தனியே இருமடியாக்காமல், முதலில் கழித்துவிட்டுப் பிறகு இருமடியாக்கினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.