கணிப்பொறி தன் பெயரை அறியும் விதம்

பத்துபஸ்தியில் ஒரு பள்ளியில் லினக்ஸ் முறையில் இயங்கும் பத்துக் கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் பாய்ந்து, கெர்னல் என்னும் மைய நிரல் விழித்தெழும் கணத்தில் எந்தப் பொறிக்கும் தன் பெயர் தெரியாது. பின்னர்த் தொடக்கப் பணிகளை நடத்தும் நிரல், வட்டிலுள்ள 'ஹோஸ்ட்நேம்' என்னும் சிறு கோப்பைத் திறந்து, அதில் எழுதியுள்ள பெயரைச் சூட்டுகிறது. அக்கோப்பு இல்லையாயின், எண்முகவரியை வழங்கும் டி.எச்.சி.பி. நிலையம் பெயரையும் சேர்த்து வழங்கக்கூடும். அதுவும் இல்லையேல் பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்னும் பொதுப்பெயரே எஞ்சும்.

ஒரு பொறியின் வட்டை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் பதித்தால், பத்துக்கும் ஒரே பெயர் அமைந்துவிடும். எப்பொறியில் பழுது என்று பதிவேட்டைப் பார்த்து அறிய இயலாது. ஆகவே படியெடுத்தவுடன் பெயரை மாற்றுக.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் இத்தீவுகளில் பயனுக்கு வந்தது. அதற்குமுன் செயற்கைக்கோள் வழியே ஒரு வினா சென்று விடை திரும்ப அரை வினாடியாயிற்று. வடம் விரைவானதே, எனினும் தன் பெயருக்குரிய எண்ணையே தொலைவிலுள்ள பெயர் நிலையத்தைக் கேட்கும் பொறி, இணைப்பற்ற நாளில் தொடக்கத்திலேயே தயங்கி நிற்கும். 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் அப்பெயரையும் எண்ணையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் அத்தயக்கம் நீங்கும்.