அக்கா வீட்டு லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய லேப்டாப்களில், விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் வந்தது நினைவிருக்கலாம். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. அப்படியொரு லேப்டாப் சின்னாளப்பட்டியில் என் அக்கா வீட்டுப் பரணில் கிடந்தது. நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. சேலைக் கடைக்கு பில் போட அதைத் தயார் செய்து தரச் சொன்னார் அக்கா.

லினக்ஸ் என்பது கெர்னல் மட்டுமே. அதோடு டெஸ்க்டாப், பிரவுசர், எழுத்துரு எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவதே டிஸ்ட்ரிபியூஷன். உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் போட்டவுடன் பயன்படுத்தும்படி வருபவை. ஆர்ச் லினக்ஸும், டெபியனின் சிறிய நெட்இன்ஸ்ட் பதிப்பும் அப்படியல்ல. அடிப்படையைப் போட்டுவிட்டு, மற்றதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடும்.

நினைவகம் குறைவுதானே என்று நான் நெட்இன்ஸ்டை எடுத்தேன். டெஸ்க்டாப் எதையும் டிக் செய்யவில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரையில் லாகின் பெயர் கேட்டு நின்றது. (பயப்பட வேண்டாம், அது பழுதல்ல!) பிறகு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை மட்டும் சேர்த்தேன். நல்ல வேகம்.

மறுநாளே போன் வந்தது. பிரவுசரில் தமிழ் எழுத்துக்குப் பதில் சதுரக் கட்டங்கள். எழுத்துரு போட்டுவிட்டு வந்தேன். அடுத்து பிரிண்டர், அதை இயக்கும் கப்ஸ் மென்பொருளே இல்லை. அதன்பின் தமிழ்99 தட்டச்சு. ஒவ்வொன்றுக்கும் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். நான்காம் முறை, "பழைய பில் புக்கே போதும்டா தம்பி" என்று அக்கா சொல்லிவிட்டார்.

தவறு டெபியனுடையதல்ல. அதன் இன்ஸ்டாலரிலேயே எக்ஸ்எஃப்சிஇயை டிக் செய்து, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்திருந்தால் எழுத்துருவாவது தானாக வந்திருக்கும். எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் வெறும் லினக்ஸ் லாபம்.

நீங்கள் புதியவர் என்றால் மின்ட்டை பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் லைவ் முறையில் இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர், தமிழ் நான்கையும் சோதியுங்கள். மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும்; 4 ஜிபி இருந்தால் திணறாது. இன்ஸ்டால் செய்யுமுன் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுக்க மறக்காதீர்கள்.

அக்காவின் லேப்டாப்பில் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கி, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுவிட்டேன். வெறும் டெபியன் இப்போது என் மேஜையில் இருக்கிறது.