சாதாளைப் படுகையைப் படம்பிடிப்பது எப்படி?

கடலுயிர்களுக்கு உறைவிடமாகும், கெல்ப் எனப்படும் பெரும்பாசிக் காடுகள் கலிபோர்னியா, தஸ்மேனியா போன்ற குளிர்நீர்க் கரைகளுக்கு உரியவை. யாழ்ப்பாணக் கடலில் அந்த வேலையைச் செய்வது கடற்புல், கரையூர்களில் சாதாளை என்று அள்ளிப் பசளையாக்கிய அதே புல். மீன்குஞ்சும் இறாலும் ஒதுங்குவதும் கடற்பசு மேய்வதும் அதில்தான். இழுவைமடி அதை வேரோடு அரித்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் பாக்கு நீரிணையில் அது ஓயவில்லை. அரிபட்ட படுகை மீள்கிறதா என்று கேட்டால், அழகான ஒற்றைப் படத்தால் பதில் சொல்ல முடியாது. ஒரே இடத்தை ஒரே பருவத்தில் ஒரே அளவில் ஆண்டுதோறும் எடுத்த படங்களால் முடியும். கீழே வரும் முறை முழுவதும் அத்தகைய படங்களுக்காகவே.

முதலில் பருவம். வாடைக்காற்றுக் காலத்தில் மழைநீரும் அலையும் சேர்ந்து கடலைக் கலக்கிவிடும். சோளகம் பலத்தால் தீவுப்பகுதியில் படகு நிற்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி முதல் சித்திரை வரையான நாட்களே தோதானவை. காற்று எழுமுன், காலை ஒன்பது மணியளவில் நீரில் இருங்கள். இடத்தைத் தெரிவுசெய்ய அந்தக் கரையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் போங்கள். மீன்பிடிக் களங்கட்டி எங்கே நிற்கிறது, எங்கே புல் இருந்து அழிந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அனுமதி, கடற்படைக்கு அறிவித்தல் ஆகியவையும் அவர்களோடு பேசினால் இலகுவாகும். சாட்டி, மண்டைதீவு போன்ற கரைகளின் ஆழங்குறைந்த படுகைகளுக்குக் காற்றுச் சிலிண்டர் தேவையே இல்லை. முகக்கண்ணாடியும் சுவாசக்குழாயும் போதும். பண்ணைப் பாலக் கண்களின் பக்கம் போகவேண்டாம், நீரோட்டம் இழுக்கும். ஆழத்துக்குச் சிலிண்டருடன் இறங்குபவர் முறையான சுழியோடிப் பயிற்சி பெற்று, துணையுடன்தான் இறங்கவேண்டும். பலமுறை சுழியோடியபின் பலாலியில் விமானம் ஏறுவதாயின் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

கமராவைத் தொடுமுன் மிதக்கப் பழகுங்கள். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் சுழியோடிகளைப் பின்தொடர்ந்து செய்து 2004இல் வெளியான ஆய்வொன்று, கமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி பவளத்தில் மோதியதைக் கண்டது. கண் திரையில் இருக்கும்போது கால் எங்கே என்பது மறந்துபோகிறது. ஆகவே இடுப்பில் ஈயக்கட்டியைச் சரியான அளவில் மட்டும் கட்டி, உடலைக் கிடையாக வைத்து, முழங்காலை மடித்துத் தவளை உதைப்பு உதைக்கப் பழகவேண்டும். மூச்சை இழுத்து விடுவதாலேயே ஒரு சாண் ஏறி இறங்க முடிந்தால் கமராவை எடுக்கலாம். இழுவைமடி ஏக்கர் ஏக்கராக அரிக்கும்போது ஒருவரின் கால்துடுப்பு என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். அளவில் ஒப்பே இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பப் போவது ஒரே சிறு இடத்துக்கு. அங்கே துடுப்பு கிளப்பும் சேறு இலையில் படிந்து வெயிலை மறைக்கும். இளம் வேர்த்தண்டு பிடுங்குப்படும். பிறகு படத்தில் தெரிவது கடலின் நிலையா, படம்பிடித்தவரால் வந்த சேதமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். இழுவைமடியை நிறுத்தப் பாக்கு நீரிணையின் இரு கரை அரசுகளும் வேண்டும். துடுப்பை அடக்க நாம் ஒருவரே போதும்.

எல்லாப் படங்களும் ஒரே அளவில் அமைய ஒரு சட்டகம் வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் குழாயை வெட்டி 50 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம் செய்யுங்கள். உலகெங்கும் கடற்புல் கணக்கெடுப்பில் புழங்கும் அளவு அதுதான். குழாயில் துளையிட்டால் நீர் புகுந்து தாழும். இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்தாலும், கரையில் ஒரு கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் பிடித்து இன்னொரு திசையிலும் அப்படியே ஒரு கோடு பிடியுங்கள்; கடலோடிகள் கடலடிப் பாரைக் கண்டுபிடிக்கும் இந்த வழி கருவி பழுதானாலும் கைகொடுக்கும். சட்டகத்தை மெல்ல வைத்து, சேறு அடங்கும்வரை பொறுத்து, நேர் மேலிருந்து முழுச் சதுரமும் அடங்க எடுங்கள். பிளாஷ் வேண்டாம்: கலங்கல் நீரில் அது மிதக்கும் துகள்களைத்தான் வெளிச்சமாக்கும். நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுவதால் சட்டகத்தின் மூலையில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, பிறகு அதைக்கொண்டு நிறத்தைத் திருத்துங்கள். அடுத்ததாக, புல்லின் இனத்தை அறியப் பக்கவாட்டில் கிட்டவாக ஒரு படம். வெறும் மணலில் கட்டைவிரல் நகம்போன்ற சிறு இலைகள் இரண்டிரண்டாகக் கொடியில் முளைத்திருந்தால் அது ஹலோபிலா, அரிபட்ட இடத்தில் முந்தி வந்து குடியேறும் இனம். இடுப்பளவு உயரும் நாடா இலையும், அடியில் கருந்தும்பு போர்த்த தடித்த வேர்த்தண்டும் தெரிந்தால் அது என்ஹாலஸ். அது மெல்ல வளர்வது, அங்கே நெடுங்காலம் சேதமில்லை என்பதற்கு அடையாளம். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பச்சை கூடிவிட்டது என்று மகிழ்வது அவசர முடிவு.

இப்படிச் சலிப்பான சதுரங்களை யார் பார்ப்பார்கள், மக்களை அசைப்பது கடற்குதிரையின் அழகான படமல்லவா என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் இருக்கிறது. சதுரங்கள் முடிந்தபின் கடற்குதிரையையும் எடுங்கள், அதைத் தொடாமலும் இடம்மாற்றாமலும். ஆனால் ஒரு கடற்குதிரை மிஞ்சிய கடைசிப் புற்றிட்டிலும் நிற்கும், செழித்த படுகையிலும் நிற்கும். அந்த வேறுபாட்டைச் சதுரம்தான் காட்டும். படங்களைத் திகதி, ஆழம், இடக்குறிப்பு, காற்றின் திசை ஆகியவற்றுடன் பெயரிட்டு, சங்கத்துக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் துறைக்கும் ஒவ்வொரு படி கொடுங்கள். கடற்பசுவையோ கடலட்டை மிகுந்த இடத்தையோ கண்டால் இடக்குறிப்பைப் பொதுவில் போடவேண்டாம். கணினியில் இடம் போதவில்லை என்று வெறும் மணல் மட்டும் தெரியும் சதுரங்களை அழித்துவிடவும் வேண்டாம். அடுத்த மாசியில் அங்கே முதல் இரண்டு இலை முளைத்தால், அதற்கு முன் அங்கே ஒன்றுமில்லை என்பதற்கு அவைதான் சான்று.