இளங்காளைக்கு வண்டி பழக்குவோரைத் தெரிந்தெடுத்தல்

டிராக்டர்கள் பெருகிய பின்னர், காளைக்கு வண்டி பழக்கத் தெரிந்தவர்கள் கிராமங்களில் அருகிவிட்டனர். ஆகவே, காங்கேயம் போன்ற நல்லினக் காளையை வளர்க்கும் உழவர், அதனை எவரிடம் ஒப்படைப்பது என்று தீர ஆராய்தல் வேண்டும். முதன்முதல் நுகம் பூட்டும்போது உண்டாகும் அச்சம் எளிதில் நீங்குவதன்று.

முதலாவதாக, அவர் பழக்கிய காளைகளைப் பாருங்கள். பூட்டும்போது கழுத்தைத் தாமே கொடுக்கின்றனவா? குரலுக்கு நிற்கின்றனவா? ஆளைக் கண்டு மிரள்கின்றனவா? முதுகில் தழும்பும், வாலில் முறுக்கிய காயமும் உண்டா? இவையே அவருடைய சான்றிதழ்.

இரண்டாவதாக, முறையைக் கேளுங்கள். நன்கறிந்தவர் எடுத்தவுடன் வண்டி பூட்டார். ஏறக்குறைய மூன்று வயதுக் காளையை மூக்கணாங்கயிற்றில் நடத்துவார். பின்னர், பழகிய காளையுடன் இணைத்து வெறும் நுகத்தில் நடத்துவார். அடுத்துக் கட்டை இழுக்கச் செய்வார். அதன் பின்னரே வெறும் வண்டி. பாரம் ஏற்றுவது கடைசியில்தான். கழுத்தில் புண் கண்டால், ஆறும்வரை பூட்டமாட்டார்.

மூன்றாவதாக, தார்க்குச்சியை நம்புவோரை விலக்குங்கள். இழுவை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் கூர்முனைக் கோலைத் தடை செய்கின்றன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரையும் வேலை வாங்குதல் கூடாது.

பயிற்சியின்போது உழவரும் உடனிருந்து, அதே குரலையும் கயிற்றுப் பிடியையும் கற்றல் நலம். இல்லையேல் வீடு திரும்பிய காளை குழம்பும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரில் எஞ்சியுள்ள இத்தகைய முதியவர்களைக் கண்டறிந்து, இளைஞர் இருவரையேனும் அவர்களிடம் சேர்ப்பித்தால் இத்தொழில் நிலைக்கும்.