பருவமும் பாலும்

பால் என்னும் சொல்லுக்கு நம் தோட்டத்து வழக்கில் இரண்டு பொருள்கள் உண்டு. பசுவும் எருமையும் தருவது ஒன்று. இரப்பர் மரம் தருவது மற்றொன்று. நம் தாத்தா பாட்டியர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, தத்தம் நிரையில் மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் திரட்டி நிறுவைக்குக் கொண்டு வந்தனர். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியவர்களுள் பலர், பின்புறக் கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளுக்கும் புல் அறுத்துப் போட்டனர்.

இவ்விரு பாலும் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும்போது பால் குறையும். காலையில் மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று மரம் சீவ இயலாது, வருமானமும் குறையும். கறவை மாட்டை நம்பி வாழும் உழவர்க்கும் இத்தகைய நிறைந்த மாதங்களும் மெலிந்த மாதங்களும் உண்டு. அவற்றை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்? உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாகிய இந்தியாவின் ஒரு மாவட்டத்தைக் கொண்டு இதனை அறிவோம்.

கேடா மாவட்டத்தின் ஓராண்டு

இந்தியாவின் மேற்கே குஜராத் மாநிலம் உள்ளது. அங்குள்ள கேடா மாவட்டத்துச் சிற்றூர்களில் சிறிதளவு நிலமும் ஓரிரண்டு எருமைகளும் உடைய குடும்பங்கள் மிகுதி. நெல்லும் கம்பும் விளைந்தபின் எஞ்சும் வைக்கோலும் தட்டையும், வரப்போரத்துப் புல்லுமே மாட்டுக்குத் தீவனம். புல் அறுத்தல், தண்ணீர் காட்டுதல், சாணம் வாருதல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர்.

மார்ச் முதல் ஜூன் வரை கடுங்கோடை. குளங்கள் வற்றும், பசும்புல் கருகும். கருந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய எருமை, வெயிலைத் தாங்க மாட்டாமல் நீரையும் சேற்றையும் நாடும். பால் சுருங்கும். ஜூன் நடுவில் பருவமழை தொடங்கியதும் நிலம் பச்சை போர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் அதனை அடுத்தும் எருமைகள் மிகுதியாகக் கன்று ஈனும். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் பால் பெருகும். கோடையில் கிடைப்பதைப் போல் இரு மடங்கு வரை கிடைக்கும்.

பால் பெருகினால் மகிழ்ச்சிதானே என்று மாணவர்கள் கேட்கலாம். பால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பொருள். அதனை வாங்கும் பெருநகரமாகிய பம்பாயோ நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. 1945ஆம் ஆண்டில் பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. விலையைக் கூட்டிக் கேட்கவும் உழவர்க்கு வழியில்லை. விற்காமல் வைத்திருக்கவும் வழியில்லை.

ஒன்றுபட்ட உழவர்

சர்தார் வல்லபாய் படேலின் அறிவுரைப்படி, 1946ஆம் ஆண்டில் கேடா உழவர்கள் பதினைந்து நாள்கள் பால் விற்க மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் அவர்களது கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. அதன் தலைவராக இருந்து உழைத்தவர் திரிபுவன்தாஸ் படேல். அச்சங்கமே பின்னர் ‘அமுல்’ என்னும் பெயரால் புகழ்பெற்றது.

சங்கத்தில் காலையும் மாலையும் பால் அளக்கப்படும். அளவோடு கொழுப்புச் சத்தும் சோதிக்கப்பட்டு, அதற்கேற்ப விலை கொடுக்கப்படும். நம் தோட்டங்களில் மரப்பாலின் எடையோடு அதிலுள்ள உலர் இரப்பரின் அளவையும் கணக்கிட்டது நினைவுக்கு வரலாம். ஒரு படி பால் கொணர்ந்தவர்க்கும் பத்துப் படி கொணர்ந்தவர்க்கும் ஒரே அளவுகோல்தான்.

எனினும் குளிர்காலத்துப் பாலைக் கோடைக்குச் சேமிப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் வர்கீஸ் குரியன். 1921இல் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற அவர், 1949இல் கேடா மாவட்டத்து ஆனந்த் நகருக்கு வந்தார். எருமைப் பாலை மாவாக்க இயலாது என வல்லுநர் பலர் கூறிய காலத்தில், அவருடைய நண்பர் தலாயா அதனைச் செய்து காட்டினார். 1955இல் ஆனந்தில் பால்மாவுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மிகுந்த பால் மாவாகி, பால் குறைந்த மாதங்களில் மீண்டும் பாலாயிற்று.

இம்முறையை நாடெங்கும் பரப்ப 1970இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. அதனை வெண்மைப் புரட்சி என்பர். 1998இல் இந்தியா பால் உற்பத்தியில் உலகின் முதலிடத்தை அடைந்தது.

நம் வீட்டுப் பால்மாவு

நம் நாட்டில் பயன்படும் பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. நியூசிலாந்தில் மாடுகள் ஆண்டு முழுதும் திறந்த வெளியில் மேய்கின்றன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கன்று ஈன்று, இளவேனிலில் புல் தழைக்கும்போது பால் பெருக்கி, மே மாத அளவில் பால் வற்றுகின்றன. அங்கும் உழவர்கள் கூட்டுறவு அமைத்தே பாலை விற்கின்றனர். நாடு வேறு, பருவம் வேறு, வழி ஒன்று.

நமக்கு உரிய பாடம்

இவ்வழி நம் மக்களுக்கும் புதிதன்று. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அப்போது நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது.

பின்னர் இரப்பர்க் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. மேய்ச்சல் நிலம் போயிற்று, கொட்டகைகளும் மறைந்தன. சிலிபினில் வாழும் நம்மில் பலருடைய வீடுகளில் இன்று மாடு இல்லை. ஆயினும் மாட்டுப் பொங்கலன்று நாம் கூறும் நன்றி மாட்டோடு நின்றுவிடலாகாது. அதற்குப் புல் அறுத்த கைகளுக்கும், விலை கேட்க ஒன்றுகூடிய மனிதர்க்கும் அந்த நன்றி உரியது. பருவத்தை மாற்ற நம்மால் இயலாது. மெலிந்த மாதத்தில் ஒருவரையொருவர் தாங்க இயலும்.

சிந்தித்து விடை எழுதுக

1. குளிர்காலத்தில் பால் பெருகியும் கேடா உழவர்கள் துன்புற்றது ஏன்?
2. பால்மாவுத் தொழிற்சாலை கோடைக்காலத்துக்கு எவ்வாறு உதவிற்று?
3. மாட்டுப் பாலைச் சோதிப்பதற்கும் மரப்பாலைச் சோதிப்பதற்கும் உள்ள ஒற்றுமை யாது?
4. உம் தாத்தா பாட்டியர் தோட்டத்தில் மாடு வளர்த்தனரா? எந்த மாதங்களில் வருமானம் குறைந்தது என்றும், அப்போது யார் உதவினர் என்றும் கேட்டு எழுதுக.